சாந்தா எல்மிராவில் விடியற்காலைத் தண்ணீர்

போன வாரம் எங்கள் வீட்டுப் புது ஃபிரிட்ஜுக்குள் ஒரு பாட்டில் வெடித்தது.

அடையாற்றில் நானும் அம்மாவும் இருக்கும் இந்த இரண்டு அறை வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. அது வருவதற்கு முன்பே, வழக்கம்போல நான் ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். எந்தத் தட்டில் பால், எந்தத் தட்டில் மாவு, எதெல்லாம் உள்ளே போகவே கூடாது என்று. என் பட்டியல்களின் மேல் அம்மாவுக்கு எப்போதுமே மரியாதை கிடையாது. ஒரு கண்ணாடி பாட்டிலில் கழுத்து முட்டத் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கித் திருகி, மேலே இருக்கும் ஐஸ் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை திறந்து பார்த்தால் கண்ணாடி பிளந்து கிடக்கிறது. நடுவில் பாட்டிலின் வடிவம் கொஞ்சமும் மாறாமல் பனிக்கட்டி.

"ஏட்டி, யாரும் தொடவே இல்லியே, எப்பிடி ஒடஞ்சுது?"

"தண்ணி ஒறஞ்சா பெருசாகும்மா. போறதுக்கு எடம் இல்லன்னா ஒடச்சிரும்."

"இத மொதல்லயே சொல்லதுக்கு என்ன? இம்புட்டு எழுதி ஒட்டி வச்சிருக்க, இத மட்டும் எழுதலியே."

எழுதவில்லைதான். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியிருக்க வேண்டிய ஆள் உலகத்தில் யாராவது உண்டென்றால் அது நான்தான். சாந்தாவை மறந்துவிட்டேனே என்று இருந்தது.

சாந்தா என்பது என் தோழி இல்லை. ஒரு ஊர். முழுப் பெயர் சாந்தா எல்மிரா. தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலையின் மழை பெய்யாத பக்கத்தில், நாங்கள் தேடிப் பார்த்த எந்த உலக வரைபடத்திலும் ஒரு புள்ளிகூட வைக்கப்படாத சின்ன நகரம். நான் அங்கே போனதில்லை. இனிப் போவேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்த ஊரின் எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிறந்து வளர்ந்த ராயப்பேட்டையைப் பற்றி அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

எழுபதுகள் முடியப் போகும் இந்த நேரத்தில், அவற்றின் தொடக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெண்கள் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு எனக்கு முதல் வேலை தியாகராய நகரில் கிடைத்தது. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு பழைய பங்களா, பங்களாவின் மாடியில் நீளமான ஒரு கூடம். அதுதான் அலுவலகம். குழாய், தொட்டி, வடிகால் இவற்றுக்குப் படம் வரைந்து கொடுப்பது தொழில். முதலாளி சுந்தரராமன் சார் மயிலாப்பூர்க்காரர். அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்து சொந்தமாக ஆரம்பித்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அளவுகோல் நீட்டிக்கொண்டிருக்கும். வருகைப் பதிவில் என் பெயருக்குப் பக்கத்தில் 'லேடி டிராஃப்ட்ஸ்மேன், தற்காலிகம்' என்று எழுதியிருந்தார். லேடியும் மேனும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும் என்று யாரும் அங்கே கவலைப்படவில்லை. எனக்கு அந்த மூன்றாவது சொல்தான் கவலை.

அந்தக் கூடத்தை நினைத்தால் முதலில் வருவது மணம்தான். மணம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வரைபடங்களை நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு அம்மோனியா ஊற்ற வேண்டும். பங்களாவின் பழைய குளியலறைதான் எங்கள் நகல் அறை. அங்கே இருந்த குழாயில் தண்ணீர் வராது, ஆனால் உள்ளே போய் வந்தவர்கள் எல்லோருடைய கண்ணிலும் தண்ணீர் வரும். அந்த வாடை புடவையில் ஏறிவிடும். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகத்தைச் சுளித்து எழுந்துபோய் நின்றுகொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் தினமும் தாராளமாக உட்கார்ந்து வந்த ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு எதிரே இருந்த வரைபலகை கன்னியப்பனுடையது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அதற்கு முன்னால் கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். அரண்மனை, ஜெயில், பனிமலை எல்லாம் அவர் கையால் வந்தவை. ஸ்டூடியோவில் வேலை குறைந்ததும் கழிவுநீர்க் குழாய்க்கு வந்துவிட்டார். "அங்க மாடிப்படி வரைவேன், மேல மாடியே இருக்காது. இங்க வரையற பைப்புல நெசமாவே எதுனா போவுதே, அத்த சொல்லு" என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் சாந்தா வந்து சேர்ந்தாள்.

ஒரு வெளிநாட்டு நிறுவனம் அந்த ஊருக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் கொண்டுபோகும் வேலையை எடுத்திருந்தது. விரிவான படங்களை வரைந்துகொடுக்கும் பகுதி, யார் யார் கையோ மாறி, எங்கள் சந்துக்குள் வந்துவிட்டது. சாருக்கு அது முதல் வெளிநாட்டு வேலை. இது நன்றாக முடிந்தால் அடுத்தடுத்து இன்னும் ஊர்கள் வரும். முடியாவிட்டால் கூடத்தில் இருக்கும் பலகைகளில் பாதிக்கு வேலை இருக்காது. முதலில் காலியாகும் பலகை எது என்று எனக்குத் தெரியும்.

வந்த பொட்டலத்தில் மூன்று பொருள்கள்: நில அளவைத் தாள்கள், விவரத்தாள், ஓர் உறை நிறையப் புகைப்படங்கள். நான் மாதக்கணக்கில் அவற்றுக்குள்ளேயே குடியிருந்தேன்.

ஊரின் நடுவில் சதுரமாக ஒரு திடல். அதன் ஒரு பக்கம் இரட்டைக் கோபுரத்தோடு தேவாலயம். ஒரு கோபுரம் பாதியிலேயே நிற்கிறது. ஏன் நின்றது என்று விவரத்தாளில் இல்லை. திடலிலிருந்து தெருக்கள் சதுரங்கக் கட்டம்போல நேராகப் பிரிகின்றன. சுடாத மண் கல்லால் கட்டின வீடுகள், வேலிக்குக் கள்ளி. மேட்டுக் கோடியில் கல்லறைத் தோட்டம், பள்ளக் கோடியில் ரயில் நிலையம். ஆறு என்று ஒரு நீண்ட வெறும் கூழாங்கல் படுகை. வருஷத்தில் சில வாரம்தான் அதில் தண்ணீர் ஓடும். ஒரே ஒரு சாலையின் இரண்டு பக்கமும் தைல மரம். ஊட்டியில் பார்த்த அதே மரம் என்று புகைப்படத்தில் கண்டுபிடித்தபோது தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. ஊர் இருப்பது ஊட்டியைவிட மிக உயரத்தில், ஆனால் ஊட்டியின் பச்சை கிடையாது. மலையெல்லாம் மண்டை ஓடு மாதிரி மொட்டை.

பெண்கள் தலையில் ஆண்கள் போடுகிற வட்டத் தொப்பி, பின்னால் இரட்டைப் பின்னல், முதுகில் கோடு போட்ட கம்பளியில் மூட்டை. மூட்டைக்குள் குழந்தையா உருளைக்கிழங்கா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தண்ணீருக்கு அவர்கள் மலையடி ஊற்று வரைக்கும் நடக்கிறார்கள். அந்த ஊற்றைத்தான் நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே ஒரு தொட்டியில் பிடித்து, சரிவிலேயே இறக்கி, ஒவ்வொரு முக்கிலும் ஒரு தெருக்குழாய் வைத்துக் கொடுக்க வேண்டும். மோட்டார் வேண்டாம், பம்பு வேண்டாம். இதைப் போல் அழகான வேலை அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

"இன்னா மேடம், சாந்தாவுக்கு ஒடம்பு எப்பிடி கீது?" என்றுதான் கன்னியப்பன் காலையில் கேட்பார். ஒரு நாள் சாரைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, யாருக்கு என்ன உடம்பு என்று உண்மையாகவே விசாரித்தார். "குழா சொருவிக்கினு கீறோம் சார், சரியாப் பூடும்" என்றார் கன்னியப்பன். அந்த மனிதர் முகம் போன போக்கு!

அந்த வருஷம் இங்கேயும் மழை பொய்த்திருந்தது. அலுவலகக் கிணறு உப்புக் கரித்தது. ஓர் ஊருக்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த நாங்கள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு கூஜாவில் குடிதண்ணீர் கொண்டுவந்தோம். ராயப்பேட்டையில் எங்கள் தெருக்குழாய்க்கு விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும். வரும் என்பதே ஒரு நம்பிக்கைதான். மூன்றரைக்கே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். குடம் இல்லாதவர்கள் செங்கல் வைத்து இடம் பிடிப்பார்கள். அப்பா பாண்டி பஜார் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றே விற்பவர் என்பதால் அவரை எழுப்புவதில்லை. அம்மாவும் நானும்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், அந்தக் குழாயடியில்தான் சென்னையையே கற்றுக்கொண்டாள்.

"இது எங்க கல்லு, தள்ளு."

"உன் பேரு எழுதிக்கீதா கல்லு மேல?"

"பேரு எழுதலட்டி, என் கால் எழுதியிருக்கு. தள்ளுதியா, மிதிக்கட்டுமா?"

இந்த மாதிரி. நாலு மணிக்குக் குழாய் முதலில் காற்றை விடும். அந்த உஸ் சத்தத்துக்குச் சண்டை நின்றுவிடும். எல்லோரும் குழாயின் வாயையே பார்ப்போம். அந்தச் சத்தத்தைப்போல் ஒரு கூட்டத்தை அமைதிப்படுத்தும் பேச்சு எந்த மேடையிலும் கேட்டதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாந்தாவின் விவரத்தாளில் 'விநியோக நேரம்' என்ற கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. ஊற்றின் அளவுக்கு ஒரு நாளில் சில மணி நேரம்தான் தண்ணீர் விட முடியும். எந்த நேரம் என்பதை வரைபவர்களே முடிவு செய்துகொள்ளலாம். சார் எங்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். காபி ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. தண்ணீர் என்றால் விடியற்காலை. இதில் பேச என்ன இருக்கிறது? சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல, தண்ணீர் நாலு மணிக்கு வரும். எங்களில் ஒருவர்கூட வேறு நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் பார்த்து வளர்ந்தவர் இல்லை. 'காலை 4 முதல் 7 வரை' என்று தாளில் மையால் ஏறியது. குழாய் பதிக்கும் ஆழமும் அப்படியே. இங்கே எவ்வளவு தோண்டுவோமோ அவ்வளவு.

படங்கள் எல்லாம் முடிந்து, நகல் எடுத்து, உருளைத் தகரக் குழல்களில் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை தபாலில் போக வேண்டும். சனிக்கிழமை அரை நாள். புகைப்படங்களைத் திருப்பி அனுப்புவதற்காக வரிசை எண் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். நமக்குத்தான் அடுக்காவிட்டால் சோறு இறங்காதே. ஒரு படத்தில் வெறும் புல்தரை. அதன்மேல் கண்ணுக்கு எட்டும் வரை சின்னச் சின்ன உருண்டைகள் பரப்பிக் கிடந்தன. ஓரத்தில் தொப்பி போட்ட ஒருத்தி வெறுங்காலோடு நின்றாள். அந்தப் படத்தை நாங்கள் எல்லோரும் முன்பே பார்த்திருக்கிறோம்.

"வத்தல் மா. உருளக்கெழங்கு வத்தல். எங்க வூட்டாண்ட மொட்ட மாடில போட்டா காக்கா வரும், அங்க காக்கா இல்ல போல" என்று கன்னியப்பன் தீர்ப்பு சொல்லியிருந்தார். வெயிலில் பரப்பியிருக்கிறார்கள் என்றால் வற்றல். தமிழ்நாட்டில் பிறந்த யாரும் வேறு எதையும் நினைத்திருக்க முடியாது.

படத்தின் பின்பக்கம் பென்சிலில் ஒரே ஒரு சொல் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "சூனோ."

"சூனியமா? யாருக்கு வச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, கன்னியப்பன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பொருள் தெரியாத சொல்லைப் பட்டியலில் ஏற்ற எனக்குக் கை வராது. அன்று மத்தியானம் எழும்பூரில் இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போய், கலைக்களஞ்சியத்தைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து தேடினேன். அந்தச் சொல் இருந்தது. அந்த மலைகளில், குளிர்கால இரவில் உருளைக்கிழங்கைத் திறந்த வெளியில் பரப்பி வைப்பார்களாம். விடிவதற்குள் அது கல்லாக உறைந்துவிடும். பகல் வெயிலில் இளகியதும் வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்துவிடுவார்கள். இப்படியே சில நாள் செய்தால் வருஷக்கணக்கில் கெடாது. அது வற்றல்தான். ஆனால் காயவைப்பது வெயில் இல்லை, பனி.

நான் முதலில் 'அட' என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடி, திருப்பிக் கொடுத்து, வாசற்படி இறங்கும்போதுதான் கால் நின்றது. விடிவதற்குள் உருளைக்கிழங்கு கல்லாகிற ஊரில், விடிவதற்கு முன் தெருக்குழாயில் தண்ணீர் எப்படி வரும்? முந்தின நாள் விட்டதில் குழாயில் தங்கின தண்ணீர் என்ன ஆகும்?

நாம் அக்னி நட்சத்திரம் முடிந்து மூச்சு விடும் ஆனி, ஆடியில்தான் அங்கே குளிர்காலம். புகைப்படங்களில் நிழல் தெற்குப் பக்கம் விழுவதைக்கூட நான் கவனித்து, கெட்டிக்காரத்தனமாகக் கன்னியப்பனிடம் விளக்கியிருக்கிறேன். நிழலைப் பார்த்தவளுக்குக் குளிர் தோன்றவில்லை. சென்னையில் இருபது வருஷம் வெந்த மண்டை, வேறு என்ன செய்யும்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூரில் சார் வீட்டுக்குப் போனேன். ஒரு முதலாளியின் வீட்டுக் கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை. அவர் மனைவி கதவைத் திறந்து, "உள்ள வாம்மா, காபி சாப்பிடறியா?" என்றார். வேண்டாம் என்றேன்.

சார் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "இதோ பாரு, விவரம் கொடுத்தது அவா. சராசரி வெப்பம்னு போட்டிருக்கா, நம்மூர் மார்கழியை விடக் கொஞ்சம் குளிர், அவ்வளவுதான். தண்ணி ஒறையற அளவுக்கு ஒண்ணும் இல்லே."

"சராசரி சரிதான் சார். நாம போட்டிருக்கறது காலம்பற நாலு மணி. அது சராசரி நேரம் இல்ல."

அவர் அளவுகோலை எடுத்து மேசையில் தட்டினார். "நாளைக்குத் தபால் போகலேன்னா தவணை தப்பிடும். உருளைக்கிழங்கைப் பார்த்துண்டு நிறுத்திட்டேன்னு நான் அவாளுக்கு எழுத முடியுமா? ஆத்துல சொன்னாக்கூடச் சிரிப்பா. குழாய் என்ன கண்ணாடி டம்ளரா, பட்டுனு உடையறதுக்கு? இரும்பும் பித்தளையும்மா."

"உடையும் சார்."

"நீ பார்த்திருக்கியா?"

இல்லை. நான் பார்த்ததில்லை. பாலிடெக்னிக்கில் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த வீட்டில் இருந்த யாரும், அந்தத் தெருவில் இருந்த யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "நாளைக்கு ஆபீஸ் திறக்கறப்போ காட்டறேன் சார்" என்றேன். அவர் அளவுகோலைத் திரும்பப் பையில் செருகிக்கொண்டு, "காட்டு. காட்டலேன்னா குழல் போயிடும். அப்புறம் இந்தப் பேச்சும் கிடையாது, உன்னை நிரந்தரமாக்கற பேச்சும் கிடையாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

வெளியே வந்ததும், தெருவில் நின்றபடியே மனத்தில் பட்டியல் போட்டேன். வேண்டியவை: ஒரு பித்தளைத் தெருக்குழாய், ஒரு முழம் இரும்புக் குழாய், ஒரு மூடி, குளிர்காலம். முதல் மூன்றும் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். நாலாவது சென்னையில் எங்கே விற்கிறது?

ராயப்பேட்டையில் விற்றது. கன்னியப்பனின் மச்சான் ஏழுமலை ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். கன்னியப்பன் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அதற்காக வழியெல்லாம் திட்டினார். "நைட்டு பூரா ஸ்டூடியோல உப்பயும் பஞ்சயும் கொட்டி எத்தினி பனிமல பண்ணிக்கீறேன். ஒண்ணுகூட எந்த பைப்பயும் ஒடச்சதில்ல. நீ இன்னாடான்னா ஒரு கெழங்க வச்சிக்கினு என் சோத்த ஒடச்சிட்ட."

ஃபேக்டரி வாசலிலேயே எனக்குக் கண் எரிந்தது. அதே வாடை. ஐஸ் செய்யும் இயந்திரத்துக்கும் அம்மோனியாதான் உயிர். எங்கள் நகல் அறை திடீரென்று பத்து மடங்கு பெரிதாகி நடுங்குவதுபோல் இருந்தது. தரையெல்லாம் உமி, சாக்கு, ஈரம். உறைய வைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாகத் தகர டின்கள்.

"இன்னா மச்சி, அக்கா பைப்புக்கு ஜுரமா? ஐஸ் வக்க இட்டாந்துக்கினியா?" என்றார் ஏழுமலை.

"அக்காவுக்கு வேலயே போவப் போவுதுடா. பேசாம வச்சிக் குடு."

நான் இரும்புக் குழாயின் ஒரு முனையில் மூடியும் மறு முனையில் தெருக்குழாயும் திருகி, காற்று ஒரு பொட்டுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, அடைத்துக் கொடுத்தேன். ஏழுமலை அதைக் கயிற்றில் கட்டி ஒரு காலி டின்னுக்குள் இறக்கினார். இறக்கும்போது, "சாமி, ஒட்ச்சிரு" என்று தானாகவே வேண்டிக்கொண்டார். அவருக்கு என்ன ஏது என்று ஒன்றும் தெரியாது.

மறுநாள் குழாயடியில் என் முறையை அம்மாவிடம் விட்டுவிட்டு, விடிந்ததும் ஓடினேன். "தண்ணிய விட்டுட்டு ஐஸுக்குப் போறா என் மவ" என்று அவள் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஏழுமலை கயிற்றை இழுத்தார். இரும்பு அப்படியே இருந்தது. கன்னியப்பன் குனிந்து, தன் வேட்டி முனையால் பித்தளையைத் துடைத்தார். குழாயின் வயிற்றுப் பக்கம், மேலிருந்து கீழ் வரை ஒரு பிளவு. அதன் வழியே வெள்ளையாக ஒரு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"யம்மாடி" என்றார்.

சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். சார் வரும்போது அது அவர் மேசை மேல், உருகத் தொடங்கின தண்ணீரோடு இருந்தது. தகரக் குழல்கள் அடுக்கி வைத்திருந்த மூலையை ஒரு முறை பார்த்தார். பிளவுக்குள் அளவுகோலின் முனையை விட்டுப் பார்த்தார். உள்ளே போயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"எத்தனை தாள் மாத்தணும்?"

பட்டியல் தயாராக இருந்தது. குழாய் இன்னும் ஆழத்தில் போக வேண்டும். தெருக்குழாய்களுக்கு வைக்கோல் அடைத்த பெட்டி வேண்டும். விநியோகம் முடிந்ததும் குழாயில் தங்கும் தண்ணீரை வடித்துவிட ஒவ்வொரு பள்ளக் கோடியிலும் ஒரு வால்வு வேண்டும். பாதிக்கு மேற்பட்ட தாள்கள்.

"நேரம்?"

"வெயில் நல்லா ஏறின பிறகு சார். பதினொண்ணுலேருந்து ரெண்டு."

"மத்தியானமா?" என்றார் சார். அத்தனை மாற்றங்களிலும் அவருக்கு நம்ப முடியாமல் இருந்தது அதுதான். "தெருக்குழாய்ல, மத்தியானம் தண்ணி..." என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தந்தி எழுத உட்கார்ந்தார். காரணம் எழுதினார், தவணை கேட்டார், 'எங்கள் பொறுப்பு' என்று எழுதினார். உருளைக்கிழங்கைப் பற்றி எழுதவில்லை.

மையில் வரைந்ததை அழிக்க ரப்பர் உதவாது. பிளேடை லேசாகச் சாய்த்துப் பிடித்து, தாள் கிழியாமல் சுரண்ட வேண்டும். அந்த 4-ஐ நான்தான் சுரண்டினேன். பதில் தந்தி வந்தபோது அதில் ஒப்புதல், தொடரவும் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. "அவாளுக்கும் தோணலே பாரு" என்றார் சார், ரொம்பத் திருப்தியாக. அடுத்த மாதம் பார்த்தால், வருகைப் பதிவில் என் பெயருக்குப் பக்கத்தில் மூன்றாவது சொல் இருந்த இடம் சொரசொரவென்று வெள்ளையாக இருந்தது. நல்ல சுரண்டல். சாரின் கை.

இரண்டு வருஷம் போல் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. தெருமுக்கு, பெட்டி போட்ட குழாய், சுற்றி வட்டத் தொப்பிகள். ஒருத்தி தகர வாளியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடிக்கிறாள். அந்த இடியை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். நிழல்கள் காலடியில் சுருண்டிருந்தன. நடுப்பகல். "குளிச்சிட்டாளா சாந்தா?" என்று கன்னியப்பன் வாங்கிப் பார்த்து, தன் பலகைக்கு மேலே குண்டூசியால் குத்தி வைத்தார். வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "எந்த ஊர்க்காரிக்கோ நட்ட நடுப்பகல்ல தண்ணி கொண்டாந்து குடுத்திருக்க. பெத்தவ இங்க மூணு மணிக்கு எந்திச்சிச் செங்கல் வைக்கேன்."

அந்தப் பங்களா இப்போது இல்லை. சார் ஓய்வெடுத்துக்கொண்டதும் விற்றுவிட்டார்கள். வாங்கியது அப்பா கடைசி வரை வேலை பார்த்த அதே ஜவுளிக் கடைக்காரர்கள். மாடிக்கு மேல் மாடியாகக் கம்பி நீட்டிக்கொண்டு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் குளியலறை இருந்த உயரத்தில் பட்டுப் புடவை அடுக்குவார்கள், அம்மோனியா வாடை அங்கே ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. கன்னியப்பன் துபாய்க்குப் படம் வரையப் போய்விட்டார். அந்தப் புகைப்படம் குண்டூசியோடு சுவரிலேயே போயிருக்க வேண்டும். பிளந்த குழாயைச் சார் காகிதங்களுக்குப் பாரமாக வைத்திருந்தார், பங்களாவைக் காலி செய்தபோது பித்தளை விலைக்குப் போயிருக்கும். ஐஸ் ஃபேக்டரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். ஊரெல்லாம் ஃபிரிட்ஜ் வந்துவிட்டால் குளிர்காலத்தை யார் போய் விலைக்கு வாங்குவார்கள்? நாங்களே வாங்கிவிட்டோமே.

போகாதது ஒன்று உண்டு. எங்கள் பழைய தெருவில் இன்றைக்கும் நாலு மணிக்குத்தான் தண்ணீர்.

நான் இப்போது வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். என் பலகையில் இந்த மாதம் ஏறியிருப்பது ராயப்பேட்டை. பழைய குழாய்களை மாற்றப் போகிறார்கள். எங்கள் தெரு ஆறாவது தாளில் வருகிறது, அது எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒருவழியாகத் தெரிந்துகொண்டேன். தாளின் மூலையில் அதே கட்டம்: 'விநியோக நேரம்'. அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். யாரும் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "விடியக்காலைதான், வேற எப்போ?" என்றார்கள். யாரோ அதை மையாலேயே எழுதியும் வைத்துவிட்டார்கள்.

பாட்டில் வெடித்த அன்று கண்ணாடித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். அம்மா வேறு பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள், இந்த முறை கழுத்துக்குக் கீழே நிறுத்தினாள். நான் பையில் அளவுகோல், பென்சில், புதுப் பிளேடு எல்லாம் இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.